பேஸ் கட்டுற ஆட்டோமேஷன் கேம்ல கலர் எப்படி சேக்குறது? ஐடியா குடுங்க

பெல்ட்டுப்பாண்டி:
வணக்கம் மக்களே. கோடோ 4ங்கிற கேம் இன்ஜின்ல தனியா ஒரு சின்ன கேம் பண்ணிட்டு இருக்கேன், தாது தோண்டி, உருக்கி, பெல்ட்ல விட்டு, அசெம்பிளர்ல சேக்குற வழக்கமான ஃபாக்டோரியோ (ஃபேக்டரி கட்டுற கேம்) டைப்தான், ஆனா 3டி. மெஷின் எல்லாமே ஒரே சாம்பல் கலர். ஃப்ரெண்ட்ஸ் சில பேர்கிட்ட விளையாடக் குடுத்தா, ஒருத்தன் தாமிர லைன் எது இரும்பு லைன் எதுன்னு குழம்பிப்போய் வேலிக் கம்பத்தையெல்லாம் நட்டு தரையில பெருசா ‘தா’ன்னு எழுதி வெச்சிருக்கான். இன்னொருத்தன் ஃபேக்டரி கரண்ட் இல்லாம நிக்குது, அவன் பாட்டுக்கு வாசல்ல லைட் கம்பம் வரிசையா நட்டு அழகு பாத்துட்டு இருக்கான் 😂

சரி, கலர் போட்டே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். பெயிண்ட்டுக்கு காசோ பொருளோ வாங்கணுமா இல்ல ஃப்ரீயா விடலாமா? ஒவ்வொரு மெஷினுக்கும் இஷ்டப்பட்ட கலரா, இல்ல குறிப்பிட்ட சில கலர்தானா? ஆயிரக்கணக்குல மெஷின் இருக்கும்போது எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் ஓடுதுங்கிறது) அடி வாங்குமா?

இரவுஷிஃப்ட்:
ஃப்ரீயா விடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். சாடிஸ்ஃபாக்டரின்னு இதே மாதிரி 3டி ஃபேக்டரி கேம் இருக்குல்ல, அதுல ஆரம்பத்துல பெயிண்ட் அடிக்க கலர் கன் வெச்சிருந்தாங்க, அதுக்கு கார்ட்ரிட்ஜ் வேணும், கார்ட்ரிட்ஜுக்கு காட்டுல போய் பூ இதழ் பறிக்கணும். மணிக்கணக்கா எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணிட்டு பெயிண்ட்டுக்கு மட்டும் கையில பூ பறின்னா எவன் பறிப்பான்? 2021ல அப்டேட் 5ல கஸ்டமைசர்னு கலர் மாத்துற டூல் ஒண்ணு கொண்டு வந்து அந்த பூக்கணக்கையே பெயிண்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம்தான் ஆளாளுக்கு ஃபேக்டரிய கட்டடக்கலை மாதிரி கட்டி ஸ்க்ரீன்ஷாட் போட ஆரம்பிச்சாங்கன்னு நான் சொல்வேன்.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்வாட்ச், அதாவது சேவ் பண்ணி வெச்ச கலர் செட். மெஷினுக்கு நேரா கலர் அடிக்காம ஒரு ஸ்வாட்ச்ச ஒட்டுறோம், அதுல மெயின் கலர் ஒண்ணு, ரெண்டாவது கலர் ஒண்ணு. பின்னாடி அந்த ஸ்வாட்ச்ச மாத்தினா அது ஒட்டின அத்தனை பில்டிங்கும் ஒரே நேரத்துல மாறிடும். தனியா ஒரு மெஷினுக்கு மட்டும் வேற கலர் வேணும்னாலும் வழி இருக்கு. உங்க கேம்ல ஸ்வாட்ச்சுக்குப் பேர் வைக்கவும் விட்டுடுங்க, ‘தாமிரம்’, ‘ஸ்டீல்’னு. உங்க ஃப்ரெண்டு வேலிக் கம்பம் நட வேண்டிய வேலை மிச்சம்.

தாமிரக்கம்பி:
எல்லாத்தையும் முதல் நிமிஷமே ஃப்ரீயா குடுத்தா அதுல ஒரு கிக்கே இல்லைங்க. அடிப்படை கலர் ஃப்ரீ, ஆனா பேட்டர்ன், மெட்டல் ஃபினிஷ் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அன்லாக் ஆகட்டும். பூ பறிக்கிறதுல தப்பு என்னன்னா ஒவ்வொரு தடவ அடிக்கவும் செலவு வெச்சாங்க, ஒரு தடவ அன்லாக் பண்றது வேற கதை.

இன்னொண்ணு, எதையெல்லாம் அடிக்கவே விடக்கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஃபாக்டோரியோவுல மஞ்ச பெல்ட் செகண்டுக்கு 15 பொருள் கடத்தும், சிவப்பு 30, நீலம் 45, ஸ்பேஸ் ஏஜ் எக்ஸ்பான்ஷன்ல வந்த பச்சை 60. கலரப் பாத்தாலே ஸ்பீடு தெரிஞ்சிடுது. அதுல பிளேயர் பிங்க் அடிச்சான்னு வைங்க, நாளைக்கு எங்க அடைச்சிருக்குன்னு அவனே தேடுவான். அதே கேம்ல ட்ரெயின் இன்ஜினுக்கும் ஸ்டேஷனுக்கும் இஷ்டப்பட்ட கலர் குடுக்கலாம், 2.0 அப்டேட்ல இருந்து லைட்டுக்கும் குடுக்கலாம். தகவல் சொல்ற கலர் ஒரு பக்கம், ஆசைக்கு அடிக்கிற கலர் ஒரு பக்கம், ரெண்டும் மோதாம பாத்துக்கோங்க.

ஷேடர்சித்தப்பா:
எஃப்பிஎஸ் பத்தி பயப்படாதே தம்பி. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மெட்டீரியல் மட்டும் போட்றாத, அங்கதான் எல்லாம் படுத்துரும். மல்டிமெஷ்ல (ஒரே மாடல ஆயிரக்கணக்குல ஒரே தடவையா வரையுற வசதி) ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும், அதாவது ஒவ்வொரு காப்பிக்கும், கஸ்டம் டேட்டான்னு நாலு எண் வெச்சுக்கலாம்ல, அதுல ஒண்ணுல ஸ்வாட்ச் நம்பர மட்டும் வை. கலரெல்லாம் ஒரு குட்டி பேலட் டெக்ஸ்சர்ல (கலர் பட்டியல் மாதிரி ஒரு படம்) இருக்கட்டும், ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டுல ஓடுற குட்டி ப்ரோக்ராம்) அந்த நம்பர வெச்சு அங்கிருந்து கலர எடுத்துக்கும். ஸ்வாட்ச்ச மாத்தணும்னா பேலட்ல ஒண்ணு ரெண்டு பிக்சல் மாத்தினா போதும், மெஷின் பக்கமே போக வேணாம். சேவ் ஃபைல்லயும் மெஷினுக்கு ஒரு பைட்தான்.

கலர் எங்க ஏறணும் எங்க ஏறக்கூடாதுன்னு ஒரு மாஸ்க் வரைஞ்சுக்கோ. துருவும் போல்ட்டும் அப்படியே இருக்கணும், தகடு மட்டும் மாறணும். மாஸ்க் உள்ள இருக்கிற இடம் வெளிர் சாம்பலா இருக்கட்டும், இப்ப இருக்கிற கரும்சாம்பல் மேல கலரப் பெருக்கினா மஞ்ச அடிச்சாலும் சேறு மாதிரிதான் வரும்.

ப்ளூபிரிண்ட்ல (கட்டினத காப்பி பண்ணி சேவ் பண்ற, ஷேர் பண்ற வசதி) ஒரு சிக்கல் வரும், இப்பவே யோசிச்சு வை. நீ ஸ்வாட்ச் 3ன்னு சேவ் பண்ணுவ, உன்கிட்ட அது ஆரஞ்சு, ஷேர் வாங்கினவன்கிட்ட அது ஊதா. அதனால ப்ளூபிரிண்ட்டோட அந்தக் கலரையும் சேத்து அனுப்பு, பேஸ்ட் பண்ணும்போது ‘அவர் கலரா, உன் கலரா’ன்னு ஒரு தடவ கேட்டுடு.

பெல்ட்டுப்பாண்டி:
சித்தப்பா செம 🙏 ப்ளூபிரிண்ட் மேட்டர் எனக்கு தோணவே இல்ல. அப்போ பெல்ட்ட தொட மாட்டேன், மெஷின், சுவர், தரை, பைப் மட்டும் பெயிண்ட். பேட்டர்ன் அன்லாக்னு வெச்சுக்கறேன். மெஷின் மேல இருக்கிற ஸ்டேட்டஸ் லைட்ட என்ன பண்றது? ஓடுனா பச்சை, சரக்கு இல்லன்னா மஞ்ச, கரண்ட் இல்லன்னா சிவப்பு.

இரவுஷிஃப்ட்:
லைட்டச் சுத்தி ஒரு கறுப்பு வளையம் வெச்சு அத மாஸ்க்குக்கு வெளிய தள்ளிடுங்க, மெஷின் பச்சையா இருந்தாலும் லைட் தனியா தெரியும். ஆனா பச்சை சிவப்பு மட்டும் நம்பாதீங்க, ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல நூத்துக்கு சுமார் 8 பேருக்கு அந்த ரெண்டும் சரியா பிரிஞ்சு தெரியாது, ஸ்டீம் ஆன்லைன் கேம் கடையில போடுறதா இருந்தா அது பெரிய கூட்டம். ஓடும்போது நிலையா எரியட்டும், சரக்கு இல்லன்னா மெதுவா சிமிட்டட்டும், கரண்ட் இல்லன்னா லைட்டே அணைஞ்சு மேல ஒரு மின்னல் ஐகான் வரட்டும். ஸ்வாட்ச் லிஸ்ட்லயும் கலர் கட்டத்துக்குப் பக்கத்துல பேர் தெரியணும். கோ-ஆப் (சேந்து விளையாடுறது) வெச்சிருக்கீங்களா? வெச்சிருந்தா அண்டூ கட்டாயம், நம்ம பசங்க கூட்டாளி பேஸ் முழுக்க பிங்க் அடிச்சுட்டுப் போயிருவானுங்க.