ஸ்பாட்டிஃபை சந்தாவை நிறுத்தினால் பாடுகிறவர்களுக்கு என்ன லாபம்?

பறைமேளம்:
ஸ்பாட்டிஃபை பாட்டுச் செயலியின் பிரீமியம் சந்தாவை நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், எதிர்க்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

விலை முதல் காரணம் இல்லை. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய். 2025-ல் 139 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் லைட் 139, ஸ்டாண்டர்ட் 199, பிளாட்டினம் 299 என்று பிரித்தார்கள். லைட்டில் டவுன்லோட் கிடையாது. சரி, எல்லா விலையும்தான் ஏறுகிறது.

என்னை உறுத்துவது அந்தப் பணம் போகிற வழி. நான் கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரம், பறை, அப்புறம் சினிமாவுக்கு வெளியே பாடுகிற சின்னக் குழுக்கள். என் சந்தா அவர்களுக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமை வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் எல்லாருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

கணக்குக்காக இரண்டே பேர் சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 ரூபாய். நான் மாதம் 200 பாட்டு கேட்கிறேன், ஜிம் நடத்தும் ஒருவர் 1,800 பாட்டு ஓடவிடுகிறார். பிரிக்க வேண்டிய தொகை 140 என்றால், நான் கேட்டவர்களுக்கு 14 ரூபாய், அவர் ஓடவிட்ட பாட்டுகளுக்கு 126. என் பங்கு 70-ல் 56 ரூபாய் நான் ஒருமுறைகூடக் கேட்காத பாட்டுக்குப் போய்விட்டது.

இதற்கு மேல் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு, அதாவது பதிவுக்கு உரிமை உள்ளவருக்கான பணம், ஒரு பைசா கிடையாது. ஊர்ப்பக்கம் ஒரு பறைக்குழு பத்துப் பாட்டைப் பதிவு செய்து போட்டு, ஒவ்வொன்றும் 900 முறை ஓடினால், 9,000 முறை கேட்ட பிறகும் அவர்களுக்கு ஒன்றும் வராது. அந்தப் பணம் ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பாட்டுகளுக்குச் சேரும். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தனிப்பாட்டுக்காரன்:
நான் சொந்தமாகப் பாட்டு எழுதி, பதிவு செய்து வெளியிடுகிறவன். நீங்கள் யாருக்காக வருத்தப்படுகிறீர்களோ அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 70 வரவேண்டிய இடத்தில் 14 வருகிறது, அநியாயம். நீங்கள் நிறுத்திய பிறகு அந்த 14-ம் வராது. ஜிம்காரர் நிறுத்தப்போவதில்லை. பெரிய கம்பெனி பாட்டுகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நம்மைத் தேடிக் கேட்கிறவர்கள்தான் மனசாட்சிப்படி வெளியேறுகிறார்கள். நஷ்டம் யாருக்கு?

அந்த 1,000 விதி என்னையும் அடிக்கிறது. என் பழைய பாட்டு சிலவற்றுக்கு எதுவும் வருவதில்லை. அந்தக் கோட்டைத் தாண்ட எனக்கு வேண்டியது கேட்கிறவர்கள்தான், விலகுகிறவர்கள் இல்லை.

பழைய கேசட்:
நான் பறைமேளம் பக்கம். ஆனால் என் காரணம் வேறு. காசு கட்டினாலும் பாட்டு நம் கையில் இல்லை.

ஸ்பாட்டிஃபை இந்தியாவில் தொடங்கியபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? சரிகம டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது, ஸ்பாட்டிஃபை அவர்களுடைய பாட்டுகளை எடுத்துவிட ஒப்புக்கொண்டது. சரிகம என்றால் பழைய எச்எம்வி. எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டில் பெரும்பகுதி அவர்களிடம். 2020-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவை வந்தன. 2023-ல் ஜீ மியூசிக்கோடு பேச்சு முறிந்து அந்தப் பாட்டுகள் மறைந்தன. இரண்டு கம்பெனிக்குள் சண்டை என்றால் நம் பட்டியலில் பாதி சாம்பல் நிறமாகி ஓடாமல் போய்விடும்.

செயலியே போய்விடுவதும் நடக்கிறது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டு ஏர்டெல் விங்க்கை மூட முடிவெடுத்தது. அதில் வருடக்கணக்காகப் பட்டியல் சேர்த்தவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

எங்கள் வீட்டில் சரிகமவின் கார்வான் பெட்டி இருக்கிறது, பழைய பாட்டுகளை ஏற்றியே விற்கிற ஸ்பீக்கர். ஒருமுறை வாங்கியதோடு சரி. நெட் வேண்டாம், சந்தா வேண்டாம்.

வால்பாறை டீச்சர்:
கார்வானில் ஏற்றிக் கொடுத்தது பழைய பாட்டுகள்தானே ஐயா. என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிற புதுப் பாட்டு அதில் எங்கே இருக்கிறது?

நான் இருப்பது எஸ்டேட் பகுதி. பஸ்ஸில் கீழே பொள்ளாச்சிக்கு இறங்கும் வழியில் பல வளைவுகளில் சிக்னலே இல்லை. டவுன்லோட் செய்து வைத்தால்தான் பாட்டு. பிரீமியத்தில் 30 நாளுக்கு ஒருமுறை நெட்டில் இணைத்தால் போதும், ஒரு போனில் 10,000 பாட்டு வரை வைக்கலாம். எனக்கு அது தேவை. பணம் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்றால் பிரிக்கிறவர்களைத் திருத்த வேண்டும். அதற்காக நான் ஏன் பாட்டில்லாமல் மலையிறங்க வேண்டும்?

பறைமேளம்:
டீச்சர், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த வசதியைத்தான் 139 திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு 199-க்கு வைத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாத ஊர்க்காரர்தான் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

தனிப்பாட்டுக்காரன் அண்ணனுக்கு: 14 ரூபாய் போய்விடும் என்கிறீர்கள். நான் சந்தாவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காரப் போவதில்லை. அந்தப் பணத்தில் நேரடியாக வாங்குவேன். பாடுகிறவர்கள் தாங்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறது, கட்டணம் போக மீதி பாடியவருக்கு. வருடத்தில் நாலு ஆல்பம் வாங்கினாலே என் வருடச் சந்தாவில் உங்களுக்கெல்லாம் வந்ததைவிட அதிகம்.

தனிப்பாட்டுக்காரன்:
வாங்கினால் கும்பிடு போடுவேன் தம்பி. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்று ஒரு பாட்டுக் கடை திறந்தது. ஒரு பாட்டை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், நீங்கள் கேட்கிற அதே முறை. அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். இங்கே சந்தாவை விடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்குப் போவதில்லை. யூடியூபுக்கோ டெலிகிராம் குழுவுக்கோதான் போகிறார்கள். டெலிகிராமில் என் ஆல்பத்தை யாரோ ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எனக்கு வருவது பூஜ்யம்.

இன்னொன்று. ஆளாளுக்குத் தனிக் கணக்காக, அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவர்களுக்கே பிரித்தால் சின்னவர்கள் பிழைத்துவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். பிரான்சின் தேசிய இசை மையம் 2021-ல் இதை ஆராய்ந்தது. அப்படிப் பிரித்தால் முதல் பத்து இடத்தில் இருப்பவர்களுக்கு 17 சதவீதம் போல் குறையும். பத்தாயிரமாவது இடத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கூடுவது சராசரியாக 5 சதவீதம்தான், ஆண்டுக்குச் சில யூரோ. பெரியவர்களிடம் குறைவது கீழே ஏகப்பட்ட பேருக்குப் பிரிந்துவிடுகிறது. அந்த முறை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வீட்டு வாடகையை அது கட்டாது.

மெல்லிசை மணி:
எல்லாரும் பாடுகிறவர்களை மட்டுமே பேசுகிறீர்கள். சினிமாப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் எழுதியவரும் இருக்கிறார்களே. 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்கு முன்னால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுவார்கள், பிறகு பாட்டு எத்தனை கோடி சம்பாதித்தாலும் எழுதியவருக்கு ஒன்றுமில்லை. திருத்தத்துக்குப் பிறகு ராயல்டி பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் ராயல்டி சங்கமான ஐபிஆர்எஸ் ஸ்ட்ரீமிங் சேவைகளிடம் வசூலித்து அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பல ஆண்டு போராடி வந்த உரிமை அது. சட்டப்படி பணம் கட்டிக் கேட்கிற கூட்டம் குறைந்தால் அந்த வசூலும் குறையும். அதனால் நான் நிறுத்த மாட்டேன், நிறுத்தச் சொல்லவும் மாட்டேன்.

கடலோரம்:
நான் நிறுத்தியது வேறு காரணத்துக்கு. ஸ்பாட்டிஃபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனியல் ஏக் தன் முதலீட்டு நிறுவனம் வழியாக ஹெல்சிங் என்ற ராணுவத் தொழில்நுட்பக் கம்பெனியில் 2021-ல் 10 கோடி யூரோ போட்டார். 2025 ஜூனில் அதே கம்பெனிக்கு வந்த 60 கோடி யூரோ முதலீட்டுக்கும் அவர் நிறுவனம்தான் தலைமை. டீர்ஹூஃப், கிங் கிஸ்ஸர்ட் போன்ற குழுக்கள் இதற்காகவே தங்கள் பாட்டுகளை எடுத்தன. பாட்டு கேட்கிற காசில் சேர்ந்த செல்வம் டிரோனுக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

மெல்லிசை மணி:
அது அவருடைய சொந்த முதலீடு, ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் பணம் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து அவர் தலைமைச் செயல் அதிகாரியும் இல்லை.

கடலோரம்:
செயல் தலைவராக இருக்கிறார். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

வங்கிக்காரர்:
வாதத்துக்கு நடுவே வேலை விஷயம் ஒன்று. நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் ஒழுங்காக நிறுத்துங்கள். செயலியைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. எங்கள் கிளைக்கு இந்தப் புகாரோடு வருகிறவர்கள் அதிகம்.

எங்கே பணம் கட்டத் தொடங்கினீர்களோ அங்கேதான் நிறுத்த வேண்டும். கூகுள் ப்ளே வழியாகக் கட்டினால் ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதி, ஐபோன் வழியாக என்றால் ஆப்பிள் கணக்கு, நேரடியாக என்றால் அந்தச் சேவையின் இணையதளம். முதலில் அங்கே நிறுத்திவிட்டு, அப்புறம் உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள், அதனால் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடாதீர்கள்.

நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும் வரை கேட்கலாம். பிறகு டவுன்லோட் செய்தவை ஓடாது, பட்டியல் மட்டும் இலவசக் கணக்கில் இருக்கும். வேறு சேவைக்கு மாறுகிறவர்கள் பட்டியலை மாற்றித் தரும் கருவிகளைப் பயன்படுத்தலாம்.

பழைய கேசட்:
என் மருமகள் வேறொரு பாட்டுச் சேவையை நிறுத்த முயன்றபோது மூன்று பக்கம் தாண்டியும் "தொடரவும்" பொத்தான் மட்டும் பெரிதாக வந்தது. ரத்து செய்வது கீழே சின்ன எழுத்தில். சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு இத்தனை சுற்றா?

வங்கிக்காரர்:
அதற்கு விதி இருக்கிறது ஐயா. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதும், அந்த வசதியை மறைத்து வைப்பதும் அதில் அடங்கும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

வால்பாறை டீச்சர்:
பறைமேளம் தம்பி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் நேரடியாக வாங்கப் போவதாகச் சொன்ன அந்தக் குழுக்களின் பட்டியலை இங்கே போடுங்கள். நான் சந்தாவை விடப்போவதில்லை. ஆனால் அவர்கள் பாட்டைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன், பிடித்தால் நானும் வாங்குகிறேன்.

பறைமேளம்:
நாளைக்குப் போடுகிறேன் டீச்சர். சில குழுக்களுக்கு விற்பனைப் பக்கமே கிடையாது, கச்சேரிக்கு வந்தால் பென்டிரைவில் கொடுப்பார்கள். அவர்களிடம் கேட்டு அனுமதியோடு போடுகிறேன்.

தனிப்பாட்டுக்காரன்:
பட்டியலில் இருக்கிற யாராவது பாட்டை ஸ்ட்ரீமிங்கிலும் வைத்திருந்தால் அந்த விவரத்தையும் சேருங்கள். வாங்குகிறவர் வாங்கட்டும், கேட்கிறவர் அங்கே கேட்டு அந்த 1,000-த்தைத் தாண்ட வைக்கட்டும்.

பறைமேளம்:
சேர்க்கிறேன் அண்ணா. ஆனால் 1,000 கோட்டைத் தாண்டுவதற்காக அங்கேயே போய் நிற்பது, அந்த விதிக்கு நாமே ஆள் சேர்ப்பது என்பதுதான் இன்னமும் என் எண்ணம்.