ஜாங்கோ டேட்டாபேஸ் பக்கத்தில் பழைய பதிப்புக் குறிப்புகளை நீக்கியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

வலைத்தளங்கள் உருவாக்க உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவின் ஆவணங்களில் காலாவதியான பதிப்புக் குறிப்புகளை எடுக்கும் வேலையை விரும்பிச் செய்கிறவன் நான். மற்ற பக்கங்களில் இது பெரும்பாலும் வரிகளை அழிக்கும் வேலைதான். ஜாங்கோவை டேட்டாபேஸ்களோடு இணைப்பது பற்றிய டேட்டாபேஸ் பக்கத்துக்கு வந்தால் மட்டும் ஒவ்வொரு பத்தியிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

விதியில் குழப்பம் ஏதும் இல்லை. ஒரு புதிய பதிப்பின் வேலை தொடங்கும்போது, இரண்டு பதிப்புக்கு முந்தைய 'புதிதாகச் சேர்ந்தது', 'மாறியது' குறிப்புகளை எடுத்துவிட வேண்டும். 1.9 என்றால் 1.7இன் குறிப்புகள் போகும். பழைய பதிப்பின் ஆவணம் அதற்கென உள்ள தனிக் கிளையில் அப்படியே இருக்கும், பதிப்புதோறும் என்ன மாறியது என்று சொல்லும் ரிலீஸ் நோட்ஸையும் யாரும் அழிப்பதில்லை. ஆகவே எதுவும் தொலைந்துபோவதில்லை.

ஆனால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் பற்றிய பகுதியில் நொடியின் பின்னங்களைச் சேமிப்பது பற்றி ஒரு பத்தி இருந்ததே, நினைவிருக்கிறதா? மைஎஸ்க்யூஎல் 5.6.4 முதல்தான் நொடிக்குக் கீழே உள்ள பகுதியைச் சேமிக்க முடியும், அதற்கும் டேபிளின் நெடுவரிசை டேட்டைம்(6) என்று, அதாவது நொடிக்குக் கீழே ஆறு இலக்கம் வைக்கும் வகையாக, இருக்க வேண்டும் என்று சொல்லும். பைத்தானை மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்டிபி டிரைவர் 1.2.5க்கு முந்தையதாக இருந்தால் அதிலுள்ள பிழையால் இதுவும் நடக்காது என்று சேர்த்துச் சொல்லும். ஜாங்கோ 1.8 முதல் புதிய நெடுவரிசைகள் அப்படியே உருவாகும், ஆனால் ஏற்கெனவே இருப்பதை ஜாங்கோ மாற்றாது, நீங்களே ஆல்டர் டேபிள் கட்டளை கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று முடியும்.

ஒரே பத்தியில் ஜாங்கோ பதிப்பு, சர்வர் பதிப்பு, டிரைவர் பதிப்பு மூன்றும் கலந்து கிடக்கின்றன. 1.8 குறிப்பு வழக்கமான கணக்குப்படி போய்விடும். 5.6.4 என்ற எண், ஜாங்கோ 2.1 மைஎஸ்க்யூஎல் 5.5ஐக் கைவிட்ட பிறகுதான் தேவையற்றதாகிறது. டிரைவர் வரி வேறொரு சமயத்தில் போகும். கடைசி வரிக்கு இப்படி ஒரு நாளே கிடையாது. சர்வரை எத்தனை முறை புதுப்பித்தாலும், பழைய டேபிள் பழைய டேபிள்தான். அந்த வரி இன்றும் ஆவணத்தில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

மறுமொழி:

அந்தக் கடைசி வரிதான் எங்களைக் காப்பாற்றியது. நான் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பழைய ப்ராஜெக்ட். செய்திகளை நேரப்படி வரிசைப்படுத்திக் காட்டும் பக்கம். ஒரே நொடியில் வந்த இரண்டு செய்திகள் சில சமயம் முன்பின் மாறி வரும். என்னுடைய கணினியில் புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கி ஓட்டினால் அந்தச் சிக்கலே இல்லை. கோடு ஒன்றுதான், மைஎஸ்க்யூஎல் பதிப்பும் ஒன்றுதான். கடைசியில் டேபிளின் அமைப்பை எடுத்துப் பார்த்தால், சர்வரில் வெறும் டேட்டைம், என்னிடம் டேட்டைம்(6). அப்புறம் ஆவணத்தைத் தேடினேன், 'இருக்கும் நெடுவரிசைகளை ஜாங்கோ மாற்றாது' என்ற அந்த வரி கண்ணில் பட்டது. டேபிள் அமைப்பை மாற்றும் ஜாங்கோவின் மைக்ரேஷனில், எஸ்க்யூஎல் கட்டளையை நேரடியாக ஓட்டும் ரன்எஸ்க்யூஎல் போட்டு மாற்றியதும் வரிசை சரியாகிவிட்டது.

5.6.4 எல்லாம் பழங்கதை என்று யாராவது பத்தியை மொத்தமாக எடுத்திருந்தால் நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?

மறுமொழி:

இதே கதை, டேபிள்களைச் சேமிக்கும் உள்பகுதியான ஸ்டோரேஜ் எஞ்சினிலும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.5.5 முதல் இன்னோடிபிதான் இயல்பானது, அதற்கு முன்பு மைஐசாம். சர்வரைப் புதுப்பித்ததால் பழைய மைஐசாம் டேபிள்கள் தானாக மாறிவிடாது. புதிய டேபிள் இன்னோடிபியில் உருவாகி, அதிலிருந்து பழைய மைஐசாம் டேபிளுக்கு ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டும் இணைப்பு) வைக்கப் போனால் முடியாது, 1005 பிழை, உள்ளே 150 என்று வரலாம். அதைப் பார்த்து, டேபிளை விவரிக்கும் பைத்தான் கோடான மாடலில் தவறு தேடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் மாடலில் இல்லை, பல வருடங்களுக்கு முன்பு யாரோ உருவாக்கிய டேபிளில் இருக்கிறது.

மறுமொழி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் நண்பர்களே. இப்படியே ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி வைத்துக்கொண்டே போனால் பக்கம் படிக்கவே முடியாததாகிவிடும். புதிதாக வருகிறவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இணைப்பை அமைக்கத்தான் வருகிறார். அவருக்கு முன்னால் 4.1இல் வந்தது, 4.2இல் மாறியது என்று அடுக்கினால், எது தனக்கு, எது தனக்கில்லை என்று பிரிப்பதே பெரும்பாடு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் அமைப்பு 4.1இல் வந்தது. இன்று அது சாதாரணமாக இருக்கும் ஒரு வசதி, எப்போது வந்தது என்பது யாருக்கும் வேண்டாம். அதுபோன்ற குறிப்புகளைத் தயங்காமல் எடுங்கள்.

எடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, குறிப்பின் தலைவரியை மட்டும் அழித்துவிட்டு, அதற்குக் கீழே உள்ளே தள்ளி எழுதிய வரிகளை விட்டுவிட்டால், ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் அதை மேற்கோள் பத்தியாக எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது, பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, ஒரு தலைப்பையே நீக்கினால் அதன் மேலிருக்கும் லேபிளும், அதாவது மற்ற பக்கங்கள் அதைச் சுட்டப் பயன்படுத்தும் பெயரும், சேர்ந்து போகும். எப்போதோ எழுதிய ரிலீஸ் நோட்ஸ் அந்த லேபிளைச் சுட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கைகளைப் பிழையாக எடுக்கச் சொல்லி பில்ட் ஓட்டிவிட்டு அனுப்பினால் ரிவ்யூ செய்கிறவருக்கும் நிம்மதி.

தொடங்கியவர்:

சரியாகச் சொன்னீர்கள், 4.1 குறிப்பு போன்றவற்றில் எனக்கும் தயக்கம் இல்லை. அவசரப்பட்டு எடுக்கக் கூடாத வகை ஒன்றும் இருக்கிறது. எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில், ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் வசதி 3.38 முதல் இயல்பாகவே சேர்ந்து வருகிறது. அது 2022இல் வெளியானது. அதனால் ஜேசன்1 நீட்டிப்பை எப்படி இயக்குவது என்ற பகுதி பழசாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஜாங்கோ 5.2 எஸ்க்யூலைட் 3.31 முதல் ஆதரிக்கிறது. நடுவில் உள்ள பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பகுதி இன்னும் வேண்டும். எஸ்க்யூலைட்டின் எந்தப் பதிப்பு கிடைக்கும் என்பதைப் பலர் தேர்ந்தெடுப்பதுகூட இல்லை, பைத்தானோடு என்ன வருகிறதோ அதுதான். அவர்களிடம் புதியதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பத்தியை எடுப்பது நியாயமில்லை. ஆதரவு எல்லை 3.38ஐத் தாண்டட்டும், அப்போது எடுக்கலாம்.

மறுமொழி:

ஆரக்கிள் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறவர்கள் சார்பில் ஒரு வரி. சிஎக்ஸ்_ஆரக்கிள் டிரைவர் ஜாங்கோ 5.0இல் கைவிடப் போவதாக அறிவிக்கப்பட்டு 6.0இல் போனது. டிரைவரே போனதால் குறிப்பும் போனது. இங்கே எந்தச் சிக்கலும் இல்லை.

தொடங்கியவர்:

ஆமாம், எல்லாமே இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்து நான் கவனித்துக்கொண்டிருப்பது ஜாங்கோ 5.2இல் சேர்ந்த ஒரு குறிப்பு. மைஎஸ்க்யூஎல் இணைப்பின் இயல்பான எழுத்துத் தொகுதி (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) யூடிஎஃப்8இலிருந்து யூடிஎஃப்8எம்பி4க்கு மாறியது அதில்தான். கணக்குப்படி 6.1இல் அந்தக் குறிப்பு போக வேண்டும், போகட்டும். ஆனால் மாறியது இணைப்பு மட்டும்தான். யூடிஎஃப்8எம்பி3இல் (பழைய யூடிஎஃப்8தான் இது) உருவான டேபிள்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் அவற்றில் இடமில்லை, ஈமோஜி ஒன்று வந்தாலே சேமிக்க முடியாது. பதிப்பு எண்ணே இல்லாமல், 'இணைப்பின் எழுத்துத் தொகுதியும் டேபிளின் எழுத்துத் தொகுதியும் வேறு வேறு, பழைய டேபிள்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும்' என்று ஒரு வாக்கியத்தை எழுத்துத் தொகுதி பற்றிய பகுதிக்குள்ளேயே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்கள் கைவசம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, புரிகிறதா, எங்காவது இடறுகிறதா என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேட்ச் அனுப்புகிறேன்.