சேணத்துக்கு எந்த ஸ்க்ரூ? மும்பையிலிருந்து சில அனுபவங்கள்

தாராவி, 90 அடிச் சாலையிலிருந்து:

மழைக்காலம் முடிந்தால் மாத்தேரானிலிருந்து சேணங்கள் பழுதுக்கு வரத் தொடங்கும். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லாத மலையூர் அது. குதிரைகளுக்கு ஓய்வே கிடையாது. வருகிற சேணங்களில் தோல் கிழிந்தவை குறைவு. ஸ்க்ரூவைச் சுற்றித் தோல் கறுத்து, தொட்டால் பொருக்காக உதிர்பவைதான் அதிகம்.

காரணம் எளிது. சேணத் தோல் மரப்பட்டையின் துவர்ச்சத்தால் பதனிடப்படுவது. ஈரத்தோடு இரும்பு அதைத் தொட்டால் கறுத்துவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இப்படித்தான். போதாக்குறைக்குக் குதிரையின் வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். துத்தநாகம் பூசிய ஸ்க்ரூவும் தாங்காது. முடுக்கும்போதே திருப்புளி பட்டுத் தலையில் பூச்சு உரிந்துவிடும்.

சென்ற முறை வந்த ஒரு சேணத்தைப் பிரித்தேன். ஜிப்சம் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூவை வரிசையாக முடுக்கியிருந்தார்கள். முதல் ஸ்க்ரூவைத் திருப்பியதும் தலை மட்டும் கையோடு வந்தது. தண்டு, சேணத்துக்குள் சட்டமாக இருக்கும் மரக்கட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஸ்க்ரூ கடினமானது, ஆனால் வளையாது, முறிந்துவிடும். கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் விரலில் குத்தியது. ஸ்க்ரூ முனை மரத்தைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அதற்குக் கீழே கம்பளி அடைத்த மெத்தை, அதற்கும் கீழே குதிரையின் முதுகு. வாயில்லா ஜீவன் எத்தனை நாள் அதைச் சுமந்ததோ! அந்த வேலையைச் செய்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே நான் நீளத்திலிருந்துதான் தொடங்குவேன். 4 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு என்றால் 8 மி.மீ. முக்கால் அங்குல ஸ்க்ரூ 19 மி.மீ.; மரத்துக்குள் 11 மி.மீ. இறங்கும். அந்த இடத்தில் கட்டை 14 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் கடைக்காரர் தருவதை அப்படியே வாங்காமல், அளந்து பார்த்துக் குட்டையானதை எடுப்பேன். பிடிப்பு மரத்தில்தான் இருக்கிறது, தோலில் அல்ல. அதனால் தோலில் ஸ்க்ரூத் தண்டு தாராளமாக நுழையும் அளவுக்கு முதலில் துளையிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரூவோடு தோலும் முறுக்கிக்கொண்டு சுருங்கும். தலைக்கு அடியில் ஒரு வாஷர் அவசியம்.

உலோகம் 304 என்ற ரக எவர்சில்வர். ஸ்க்ரூ வாங்க நாக்தேவி தெருவுக்குப் போகும்போது காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். 304 லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். ஸ்க்ரூவாக உருட்டும்போது அதற்குக் கொஞ்சம் காந்தக் குணம் வருவதுண்டு. பலமாக இழுத்தால் வாங்காதீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலச் சேணத்தில், கால் வைத்து ஏறும் அங்கவடியின் வார் தொங்குகிற இரும்புப் பட்டை ரிவெட் அடித்துப் பொருத்தப்படுவது. அது தளர்ந்தால் அங்கே ஸ்க்ரூ போடாதீர்கள். ஏறுகிறவரின் முழு எடையும் அதில்தான் தொங்குகிறது.

மாட்டுங்காவிலிருந்து:

அண்ணாச்சி, நான் தச்சு வேலைக்காரன். பழைய சேணம் ஒன்றுக்குப் பித்தளை ஸ்க்ரூதான் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பித்தளை மென்மையானது, பீச் போன்ற கெட்டி மரத்தில் பாதி இறங்கியதும் முறிந்துவிடும். அதே அளவுள்ள எஃகு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி மரை வெட்டிவிட்டு, அதைக் கழற்றி, பித்தளை ஸ்க்ரூவில் தேன்மெழுகு தடவிக் கையால் முடுக்கினேன். ஒன்றுகூட முறியவில்லை. ஏற்கெனவே அகன்றுவிட்ட துளைக்குப் பெரிய ஸ்க்ரூ தேடாதீர்கள். கெட்டி மரக்குச்சியைப் பசையோடு அடித்து, காய்ந்ததும் சீவிவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.

செம்பூரிலிருந்து:

என் மகள் குதிரையேற்றம் பயில்கிறாள். போன மாதம் கடிவாளத்தில் குதிரையின் கன்னத்தை ஒட்டி இறங்கும் கன்னவார் நடுவழியில் கழன்றுவிட்டது. ஆணும் பெண்ணுமாக இரண்டு துண்டு சேரும் ஸ்க்ரூ அது. ஒரு துண்டு எங்கோ விழுந்துவிட்டது. பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தாள். புதிதாக மாட்டி நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். இது போதுமா?

தாராவியிலிருந்து:

அம்மா, நகப்பூச்சு கொஞ்ச நாள் பிடிக்கும். மரையைப் பூட்டுகிற நீலத் திரவம் அதைவிட நல்லது. வேண்டும்போது திருப்புளியால் கழற்றவும் முடியும். ஆனாலும் குதிரை அசைய அசைய அந்த ஸ்க்ரூ தளரத்தான் பார்க்கும். ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் விரலால் திருகிப் பாருங்கள். குழந்தை ஏறுகிற குதிரை என்பதால் கன்னவாரைத் தைத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கொண்டுவாருங்கள், மெழுகு நூலால் தைத்துத் தருகிறேன்.