டெல்லி கணேஷ்: விமானப் படை முகாமில் கிடைத்த அறிமுகம்

மறைந்த நடிகர் டெல்லி கணேஷை நேரில் சந்தித்தவர்கள் பலர் அந்த நினைவுகளை எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, திரையில் பார்த்ததோடு சரி. ஆனால் நான் விமானப் படையில் இருந்தவன், அங்கே தமிழ்ப் பையன்கள் அவரைப் பற்றிப் பேசுவதே தனி மாதிரி இருக்கும். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் அவரும் அதே சீருடையில் இருந்தவர் என்று சீனியர் ஒருவர் சொன்ன பிறகு, முகாமில் எந்தப் படம் போட்டாலும் இவர் முகம் வந்ததும் யாராவது ஒருத்தன் “நம்ம ஆளு” என்பான்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, அடுத்தவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் விதம். 'நாயகன்' படத்தில் ஹிந்தி தெரியாத வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிற ஐயரைப் பாருங்கள், அவருக்கென்று தனியாகப் பெரிய வசனம் எதுவும் இருக்காது, இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக்கொண்டு, எதிராளி சொன்னதை நாயக்கரிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்பும் விசுவாசமும் அந்த முகத்திலேயே ஓடும். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவர் அல்லவா, மேடையில் சும்மா நிற்பதுதான் கஷ்டம் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள், இவர் நிற்கும்போது அது கஷ்டமாகவே தெரியாது.

'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காடு மணி ஐயரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல, சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணத்தை மறந்தவர் உண்டா? அந்த மனிதரே அதற்கு முந்தைய வருடம் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். எனக்கு இந்த இரண்டையும்விட 'சிந்து பைரவி' மிருதங்கக்காரர் குருமூர்த்திதான் மேலே. குடிப்பழக்கத்தால் பாடகர் ஜேகேபியிடம் அவமானப்படும் இடத்தில் கோபத்துக்குப் பதிலாகக் கூச்சத்தைக் காட்டுவார், அதனாலேயே நமக்கு அவர் மேல் பாசம் வந்துவிடும். 1979-ல் வந்த 'பசி' படத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு வாங்கினார், இன்றைய பிள்ளைகள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்ததும் இவர்தான் என்று தெரிந்துகொண்டு படத்தை மறுபடி போட்டுக் கேட்டேன், இத்தனை நாள் எப்படிப் பிடிபடாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் சீரியல். 'கஸ்தூரி', 'செல்லமே' எல்லாம் எங்கள் அம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தவை. நானூறு படங்களுக்கு மேல் செய்தவர் தினத்தொடருக்கு வந்தால் கொஞ்சம் அசட்டையாகத்தான் நடிப்பார் என்று நினைப்போம். இவர் அப்படிச் செய்யவில்லை, ஒரு சின்ன “ம்” சொல்வதில்கூட அன்றைய காட்சிக்கான கனம் இருக்கும்.

2024 நவம்பரில் 80 வயதில் போய்விட்டார். விமானப் படையினர் வந்து படையின் கொடியைப் போர்த்தி மரியாதை செய்ததை டிவியில் பார்த்தபோது, பழைய நண்பர்கள் எல்லோரும் மாறி மாறி போன் செய்துகொண்டோம். பெரிய விருதுகள் இன்னும் வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னமும் உண்டு.

அவர் சினிமாவுக்கு வந்தது 1977-ல் பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' படத்தில், அது விசுவின் நாடகத்தை வைத்து எடுத்த படம். காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் அவரை மேடையிலேயே பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.