இலண்டன் நகரத்தின் அடியில் மூடப்பட்டிருக்கும் ரயில் நிலையங்களைப் பார்க்க இயலுமா?

கேள்வி (நாகர்கோவில்):

என் மகள் இலண்டனில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் என் மனைவியும் அடுத்த மாதம் செல்லவிருக்கிறோம். அந்நகரத்தின் அடியில் பல பத்தாண்டுகளாக ரயில் நிற்காத நிலையங்கள் இன்னும் இருப்பதாக அவள் சொன்னாள். அவ்வளவு செலவில் கட்டியவற்றை ஏன் மூடினார்கள், மூடிய பின் மண்ணிட்டு நிரப்பாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள், எங்களைப் போன்றவர்கள் உள்ளே சென்று பார்க்க முடியுமா என்பவற்றை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மார்த்தாண்டம், இப்போது இலண்டன்):

ஐயா, பெரும்பாலானவற்றை மூடியதற்குக் காரணம் பயணிகள் வராததுதான். தனியார் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பாதை அமைத்த காலத்தில் நிலையங்களை மிக நெருக்கமாக வைத்துவிட்டார்கள். 1907-இல் திறக்கப்பட்ட டவுன் ஸ்ட்ரீட் நிலையம் செல்வந்தர்கள் வாழும் மேஃபேர் பகுதியில் இருந்தது. அவர்களுக்குச் சொந்த வண்டி இருந்தது, மற்றவர்களுக்கு அடுத்த நிலையம் நடக்கும் தூரத்திலேயே இருந்தது. 1932-இல் அதை மூடிவிட்டார்கள். ஆல்ட்விச் நிலையத்தின் கதை வேறு. 1907-இல் பொருத்திய மின்தூக்கிகளை மாற்ற 30 லட்சம் பவுண்டு ஆகும் என்ற நிலையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 பேருக்காக அவ்வளவு செலவிட மனமில்லாமல் 1994 செப்டம்பர் 30-இல் மூடினார்கள்.

நிரப்பாததற்குக் காரணம், அவை முழுமையாகக் கைவிடப்பட்டவை அல்ல என்பதே. டவுன் ஸ்ட்ரீட் வழியாக இன்றும் பிக்காடில்லி தடத்து ரயில்கள் நிற்காமல் ஓடுகின்றன. அதன் பழைய செங்குத்து வழி காற்றோட்டத்துக்கும் அவசர வழிக்கும் பயன்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ரயில்வே நிர்வாகக் குழு அங்கிருந்துதான் இயங்கியது. 1940-இல் குண்டு விழுந்துகொண்டிருந்த இரவுகளில் சர்ச்சிலும் அங்கே தங்கினார். கிரீன் பார்க்கிலிருந்து ஹைட் பார்க் கார்னர் செல்லும்போது, பெட்டியின் வெளிச்சம் படாதவாறு கையால் மறைத்துக்கொண்டு சன்னல் வழியே பாருங்கள். வார்ப்பிரும்பு வளையங்கள் மறைந்து, சில நொடிகளுக்குச் செங்கல் சுவர் ஓடும். நடைமேடையின் விளிம்பில் போர்க்காலத்தில் எழுப்பிய சுவர் அது.

மறுமொழி 2 (தக்கலை):

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979 ஏப்ரலில்தான். மூடி வைக்க நமக்குப் பழைய நிலையம் ஏது? சுரங்கம் என்றால், பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்கு இரகசிய வழி இருந்ததாக வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கும் கதைகளுக்குக் குறைவில்லை: 1933-இல் மூடிய பிரிட்டிஷ் மியூசியம் நிலையத்தில் எகிப்திய ஆவி உலவுவதாகச் சொல்வார்கள். நமக்குக் கள்ளியங்காட்டு நீலி, அவர்களுக்கு அது.

மறுமொழி 3 (குளச்சல், கட்டுமானப் பொறியாளர்):

இவ்வளவு சுரங்கங்களை அங்கே தோண்ட முடிந்ததற்கு மண்ணும் ஒரு காரணம். தேம்ஸ் ஆற்றின் வடக்கே நகரத்தின் அடியில் தடித்த களிமண் படிவம் இருக்கிறது. வெட்டுவதற்கு எளிது, தண்ணீரையும் எளிதில் விடாது. ஆனால் ஆற்றின் அடியில் நிலைமை வேறு. 1825-இல் மார்க் புருனெல் தொடங்கிய தேம்ஸ் சுரங்கத்தில் ஆறு பலமுறை உட்புகுந்து உயிர்களைப் பறித்தது. 1843-இல்தான் திறக்க முடிந்தது. தொழிலாளர்கள் தனித்தனிச் சிற்றறைகளில் நின்று முன்னால் உள்ள மண்ணை வெட்ட, மொத்தச் சட்டத்தையும் முன்னே நகர்த்தி, பின்னால் செங்கல் கட்டிக்கொண்டே போகும் கவச முறை அவருடையது. மர வள்ளங்களைத் துளைத்து நாசமாக்கும் கடற்புழுவைக் கண்டு அந்த எண்ணம் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். அது தலையிலுள்ள ஓட்டினால் மரத்தை அரித்துக்கொண்டே, தான் வந்த வழிக்குச் சுண்ணப்பூச்சும் பூசிச் செல்லும். அந்தச் சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. சாதாரணப் பயணச்சீட்டிலேயே வாப்பிங்குக்கும் ரோதர்ஹித்துக்கும் இடையே கடந்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. என் மனைவிக்கு மூட்டுவலி உண்டு, படிகள் அதிகமா?

மறுமொழி 1:

ஆல்ட்விச், டவுன் ஸ்ட்ரீட் இரண்டிலும் மின்தூக்கி இயங்காது. சுழற்படி அதிகம், அம்மாவுக்கு வேண்டாம். இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்துதான் உள்ளே செல்ல முடியும். சீட்டு விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் மகளை இப்போதே இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து செல்ல மவுண்ட் பிளசன்ட் அஞ்சல் அருங்காட்சியகம் நல்லது. 1927 முதல் 2003 வரை அஞ்சலை மட்டும் சுமந்து ஓட்டுநர் இன்றி ஓடிய சிறு ரயில்பாதையில், 2017 முதல் பயணிகளை உட்கார வைத்து அழைத்துச் செல்கிறார்கள். பெட்டி தாழ்வானது, குனிந்துதான் ஏற வேண்டும்.