புதுப்பிப்பு: மோட்டாருக்கான வளையும் சுருள் – காப்புரிமை ஆய்வு மறுப்பு நீங்கியது

பாலிஇமைடு என்னும் வெப்பம் தாங்கும் நெகிழிப் படலத்தில் செம்புத் தடங்களை அமைத்து, உருளையாகச் சுருட்டி மோட்டாரில் பொருத்தும் எங்கள் சுருளுக்கு, காப்புரிமைச் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ)-இன்படி புத்தாக்கப் படிநிலை (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்று முதல் ஆய்வறிக்கை வந்ததைச் சொல்லி, அதற்கு எப்படிப் பதிலளிப்பது என்று சேலத்திலிருந்து இங்கே எழுதிக் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி; மறுப்பு விலக்கப்பட்டுக் காப்புரிமை கிடைத்துவிட்டது.

பலனளித்தது, முதல் உரிமைக்கோரலை (எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகத்தை), தடங்களின் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும் அமைப்புக்கு மட்டும் எனக் குறுக்கச் சொன்ன யோசனைதான். 0.2 மி.மீ. தடிமனுள்ள படலத்தைச் சுருட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றளவு ஏறத்தாழ 1.26 மி.மீ. கூடுகிறது, அதற்கேற்பத் தடங்களின் இடைவெளியையும் சுற்றுக்குச் சுற்று கூட்டினால்தான் ஒரே ஃபேஸின் (மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் ஒரே கட்டத்தின்) தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாக அமையும். ஆய்வாளர் காட்டிய முந்தைய ஆவணங்கள் இரண்டிலும் இடைவெளி மாறாமல் இருந்ததால் இந்த வேறுபாடு எடுபட்டது. மோட்டாரின் திறன் பற்றி நாங்கள் எழுதி வைத்திருந்த நீண்ட விளக்கம் தேவைப்படவே இல்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காணொளி விசாரணையில், இந்தத் திருத்தத்துக்கு மூல விவரக்குறிப்பில் (விண்ணப்பத்தோடு முதலில் தந்த விளக்க ஆவணத்தில்) ஆதாரம் எங்கே என்று, அதில் இல்லாததைத் திருத்தத்தில் சேர்க்கக் கூடாது என்னும் பிரிவு 59-ஐச் சுட்டிக் கேட்டார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு சுற்றின் இடைவெளியும் அளவோடு குறிக்கப்பட்டிருந்ததால் கோரல் நிலைத்தது. ஆய்வறிக்கைக்குப் பதிலளிக்க 6 மாதமும், விசாரணைக்குப் பின் எழுத்துரை தர 15 நாளும் உண்டு. அந்த எழுத்துரையில் வரைபட எண்ணையும் பக்கத்தையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.