உதவி: படம் நின்று நின்று ஓடுகிறது, 12,000 ரூபாய்க்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு?

வேளச்சேரி_குடில்
வீட்டு மீடியா சர்வரில் (படங்களைச் சேமித்து டிவிக்கு அனுப்பும் கணினி) படம் ஐந்து நொடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சிபியூ 100% காட்டுகிறது. டிரான்ஸ்கோடிங்தான், அதாவது டிவிக்கு ஏற்ற மாதிரி படத்தை சர்வர் உடனுக்குடன் மாற்றுவதுதான், காரணம் என்று படித்தேன். 12,000க்குள் நல்ல கார்டு ஒன்று சொல்லுங்கள். நாளை காலை ரிச்சி தெரு கணினிக் கடைகளுக்குப் போகிறேன், கொஞ்சம் அவசரம்.

மவுண்ட்ரோடு_மணி
என்ன சிபியூ? எந்த மென்பொருள், ஜெல்லிஃபினா பிளெக்ஸா? எல்லாப் படமும் நிற்கிறதா, சிலது மட்டுமா? இது தெரியாமல் கார்டு சொன்னால் உங்கள் காசுதான் வீண்.

அடையார்_அலை
வைஃபையைப் பாருங்கள் ப்ரோ. டிவிக்கு லேன் கேபிள் இழுத்ததும் எங்கள் வீட்டில் இதே தொல்லை போய்விட்டது. கேபிள் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

டெர்மினல்_முனி
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். ஒழுங்காக அமைத்த சர்வர் டிரான்ஸ்கோட் செய்யவே கூடாது. எல்லாக் கோப்பையும் ஒரே தடவை எச்.264 என்ற பழைய வீடியோ சுருக்க முறையில், 1080பியாக மாற்றி வைத்தால் எந்த டிவியிலும் நேரடியாக ஓடும். செலவு பூஜ்யம். அடிப்படை தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

வேளச்சேரி_குடில்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐ5-3470, 8 ஜிபி ராம், உபுண்டு, ஜெல்லிஃபின். டிவி பழைய 1080பி, லேன் கேபிளில்தான் இருக்கிறது. சில படம் நன்றாக ஓடுகிறது, 4கே எல்லாம் நிற்கிறது.

குரோம்பேட்டை_கார்த்தி
ஜிடிஎக்ஸ் 1650 பழையது பாருங்கள் அண்ணா. தனி பவர் கேபிள் கேட்காத மாடலும் உண்டு, ஸ்லாட்டிலேயே ஓடும். எச்.265 (எச்.264க்கு அடுத்து வந்த முறை), அதுவும் 10 பிட் நிறத்தோடு எல்லாம் எடுக்கும். ஜிடி 1030 விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடுவார்கள், வாங்கிவிடாதீர்கள். அதில் என்கோடர் (வீடியோவைத் திரும்பச் சுருக்கும் பகுதி) கிடையாது, டிரான்ஸ்கோடிங்குக்கு உதவாது.

மவுண்ட்ரோடு_மணி
3470 மூன்றாம் தலைமுறை. அதிலும் குயிக் சிங்க் (சிப்பிலேயே இருக்கும் வீடியோ மாற்றும் வசதி) உண்டு, ஆனால் எச்.265 அதற்குத் தெரியாது. 4கே பெரும்பாலும் எச்.265 10 பிட்டாக இருக்கும். அதை முழுக்க முழுக்க சிபியூவே பிரித்து, 1080பியாகச் சுருக்கி, எச்டிஆர் நிறத்தையும் டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். நான்கு கோரால் ஆகிற காரியம் இல்லை.

ஒன்று செய்யுங்கள். படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டேஷ்போர்டைத் திறந்து, அந்த டிவியின் கட்டத்தில் இருக்கும் தகவல் குறியைத் தொடுங்கள். ஏன் டிரான்ஸ்கோட் ஆகிறது என்று காரணமே எழுதியிருக்கும். அதை இங்கே போடுங்கள்.

வேளச்சேரி_குடில்
பார்த்தேன். 4கே படத்துக்கு வீடியோ கோடெக் (சுருக்க முறை), சப்டைட்டில் கோடெக் இரண்டும் ஒத்துவரவில்லை என்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், 1080பி புளூரே ஒன்றும் சப்டைட்டில் போட்டால் திணறுகிறது. சப்டைட்டிலை எடுத்தால் சிபியூ 4%தான்!

சப்டைட்டிலை எடுக்கவும் முடியாது. அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. ஆங்கில டீச்சராக இருந்தவர், எழுத்து இருந்தால்தான் படம் பார்ப்பார். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார். அதனால்தான் அவசரம்.

திருவான்மியூர்_தீபா
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! புளூரேயில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தே இல்லை, படம். உங்கள் டிவி செயலி அதைக் காட்டாததால் சர்வர் ஒவ்வொரு பிரேமிலும் அதை ஒட்டி, வீடியோவை முழுசாகத் திரும்ப என்கோட் செய்கிறது. எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாக இருந்தால் டிவியே எழுத்தைக் காட்டிவிடும், வீடியோவை யாரும் தொட மாட்டார்கள்.

சப்டைட்டில் எடிட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பிஜிஎஸ்ஸைப் படித்து எஸ்ஆர்டியாக மாற்றும். ஆங்கிலத்தில் நன்றாகவே வரும். பெரிய ஐயும் சிறிய எல்லும் மட்டும் அடிக்கடி குழம்பும், ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிடுங்கள். 1080பி படங்களுக்கு இன்றிரவே தீர்வு, பைசா செலவில்லை.

டெர்மினல்_முனி
நான் சொன்னதும் இதேதான். முன்கூட்டியே மாற்றி வை.

திருவான்மியூர்_தீபா
இல்லை சார். நீங்கள் வீடியோவை மாற்றச் சொன்னீர்கள். மூன்றாம் தலைமுறை சிபியூவில் ஒரு 4கே படத்தை மாற்றவே ராத்திரி முழுக்க ஓடும். தரமும் போகும், வட்டில் இரண்டு பிரதியும் கிடக்கும். நான் சொல்வது சின்ன எழுத்துக் கோப்பு.

மவுண்ட்ரோடு_மணி
தீபா சொன்னதை முதலில் செய்யுங்கள். 4கேவுக்கு மட்டும் வன்பொருள் தேவை. அதற்கும் கார்டு வேண்டாம், பழைய மினி பிசி ஒன்று வாங்குங்கள். ஐ5-7500டி, அதாவது ஏழாம் தலைமுறை. எச்.265 10 பிட்டைப் பிரிக்க, என்கோட் செய்ய இரண்டுக்கும் அதில்தான் வழி வந்தது. ஆறாம் தலைமுறை 6500டி வெளியே பார்க்க ஒரே பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் 8 பிட்டோடு நின்றுவிடும். விண்டோஸ் 11 இதை ஏற்காது என்பதால்தான் அலுவலகங்கள் தள்ளிவிடுகின்றன. உபுண்டு போடுகிற நமக்கு அது லாபம்.

குரோம்பேட்டை_கார்த்தி
இருக்கிற பிசியை ஏன் தூக்கிப் போட வேண்டும்? கார்டு செருகினால் முடிந்தது. ஹார்டு டிஸ்க் வைக்கவும் இடம் இருக்கிறது. மினி பிசிக்குள் லேப்டாப் டிஸ்க் ஒன்றுதான் போகும்.

மவுண்ட்ரோடு_மணி
கரண்ட் பில்லைக் கணக்குப் போடுங்கள் தம்பி. என் பழைய டவர் சும்மா இருக்கும்போதே பிளக் மீட்டரில் 45 வாட். 60 நாளுக்கு 65 யூனிட். மினி பிசி 10 வாட், 14 யூனிட்தான். அந்த 50 யூனிட்டும் ஸ்லாபின் மேல் தட்டில் சேரும். மேயில் ஏசி ஓடுகிற வீட்டில் அது நன்றாகவே உறைக்கும்.

குரோம்பேட்டை_கார்த்தி
ராத்திரி அணைத்து வைத்தால் பாதி மிச்சம். 24 மணி நேரம் யார் படம் பார்க்கிறார்கள்?

அடையார்_அலை
நாங்கள் போன் படங்களையும் அதிலேயே சேமிக்கிறோம், அணைக்க முடியாது. புதுசாக என்100 மினி பிசி வாங்கினால் என்ன? 6 வாட் சிப், ஏவி1 என்ற புதிய வீடியோ முறையைக் கூடப் பிரிக்குமே.

மவுண்ட்ரோடு_மணி
அதுவும் நல்ல தேர்வு. ஏவி1 கோப்பு நிறைய இருந்தால் அதுதான் சரி, 7500டியில் அது இல்லை. ராம், எஸ்எஸ்டியோடு 12,000க்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி.

குடில், கடைக்கு உபுண்டு பென் டிரைவ் கொண்டுபோங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பயாஸில் (கணினி ஆன் ஆனதும் திறக்கும் அமைப்புத் திரை) சிபியூ பெயரைப் படியுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் படிக்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் 6500டி. டெஸ்க்டாப் வாங்குவதானால் பெயர் எஃப் என்று முடியக் கூடாது, அதில் உள்கிராபிக்ஸே கிடையாது. வெளி ஹார்டு டிஸ்க் 3.5 அங்குலம் என்றால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். பிசி, டிஸ்க் இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

வேளச்சேரி_குடில்
எஸ்ஆர்டி வேலை செய்கிறது! நன்றி தீபா. மினி பிசியும் வாங்கிவிட்டேன், 7500டி, 8 ஜிபி, 11,500. பயாஸில் பார்த்துத்தான் வாங்கினேன். ஜெல்லிஃபினை டாக்கரில் (மென்பொருளைத் தனி கன்டெய்னருக்குள் ஓட்டும் முறை) போட்டேன். ஆனால் 4கேவுக்கு இன்னும் சிபியூ 100%.

திருவான்மியூர்_தீபா
டேஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை குயிக் சிங்க் ஆக்குங்கள். ஆரம்பத்தில் அது அணைந்தே இருக்கும். கீழே எச்.265 10 பிட் பெட்டியையும் டோன் மேப்பிங்கையும் (எச்டிஆர் நிற மாற்றம்) டிக் செய்யுங்கள். டாக்கர் என்றால் கிராபிக்ஸ் சாதனத்தை கன்டெய்னருக்குள் கொடுத்து, அதைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் குழுவின் எண்ணையும் சேர்க்க வேண்டும். கொடுத்தீர்களா?

குரோம்பேட்டை_கார்த்தி
எந்தக் கடை அண்ணா? வாரன்டி கொடுத்தார்களா?

வேளச்சேரி_குடில்
சாதனத்தைக் கொடுக்கவே இல்லை. கொடுத்ததும் சிபியூ 15%க்கு இறங்கிவிட்டது. அம்மா நேற்று ஒரு படம் முழுக்கப் பார்த்தார், நடுவில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.